இரவில் சாலைப் பலகை மங்கலாகத் தெரிகிறதா?

உடனே காரின் ஹெட்லைட் பல்பை மாற்றக் கிளம்ப வேண்டாம். முன்கண்ணாடியின் உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளிவாக விழுந்தால் கோளாறு அங்கேதான். வெயிலில் சூடாகும் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி, மெல்லிய படலமாக உள்ளே படியும். பகலில் அவ்வளவாகத் தெரியாது. எதிரே ஒரு ஹெட்லைட் வந்ததும் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியது போல் ஆகிவிடும். வெளிப்பக்கத்தை மாய்ந்து மாய்ந்து கழுவுகிறோம், உள்பக்கத்தை மறந்துவிடுகிறோம் (நானும்தான்). ஈர மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

அடுத்து ஹெட்லைட். பெரும்பாலான பலகைகளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் தாளில் உள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ, உங்கள் விளக்கொளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. விளக்கு மூடி மஞ்சளடித்துப் போயிருந்தால் போவதும் குறைவு, வருவதும் குறைவு. பனித்துளி படிந்த அதிகாலையில் நல்ல பலகைகூட கறுத்துத் தெரியும். அப்போது வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். பலகையைப் படிக்க 2 நொடி ஆனால் 44 மீட்டர் போயாச்சு.

இரவுக்கென்று விற்கும் மஞ்சள் மூக்குக்கண்ணாடியை வாங்காதீர்கள். வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது வடிகட்டிவிடும். டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், செலவில்லாமல் அதைவிடப் பலன் கிடைக்கும்.