நிழல் கலங்கினால் முதலில் விளக்கைப் பாருங்கள்

பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் (பாவைக்கூத்துக்கென்றே உள்ள மேடை), கம்பராமாயணப் பாட்டோடு தோல்பாவைக்கூத்து நடக்கும்போது திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள் எரியும். அத்தனை விளக்கு இருந்தும் பாவையின் நிழல் கலங்குவதில்லை. பாவை துணியை ஒட்டியே நிற்பதுதான் காரணம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பள்ளிக் கண்காட்சிக்காக, ஆள் கிட்டே வந்தால் நிழல் மாறும் திரை செய்கிற பிள்ளைகள் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள். நிழலுக்கு உயிர் விளக்கும் தூரமும். சென்சார் அதற்கு அப்புறம்தான்.

அழகாக இருக்கிறதே என்று எல்இடி ஸ்ட்ரிப்பை ஒட்டிவிடுவது பெரிய தவறு. கணக்கு எளிது. விளக்கின் அகலம் 1 செ.மீ., உருவம் விளக்கிலிருந்து 1 மீட்டர், திரை உருவத்திலிருந்து 10 செ.மீ. என்றால், நிழலின் விளிம்பு 1 மி.மீ. அளவுக்கே மங்கும். அதே இடத்தில் 50 செ.மீ. ஸ்ட்ரிப்பைப் படுக்க வைத்தால் மங்கல் 5 செ.மீ. ஆகிவிடும். மயிலின் கொண்டையே காணாமல் போகும்! லென்ஸ் இல்லாத 1 அல்லது 3 வாட் ஒற்றை எல்இடி போதும். அது சூடாகும், சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க் இல்லாமல் ஏற்றாதீர்கள். துணிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

வண்ணம் வேண்டும், ஸ்ட்ரிப்தான் வேண்டும் என்றால் மின்சாரத்தைக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய டபிள்யூஎஸ்2812 வகையில் ஒரு எல்இடி முழு வெள்ளையில் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 60 எல்இடிக்கு 3.6 ஆம்பியர். சென்சாரையும் விளக்கையும் இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டின் 5 வோல்ட் பின் இதைத் தாங்காது. தனி அடாப்டர் வேண்டும். அதன் கிரவுண்டையும் (மைனஸ் வயர்) போர்டின் கிரவுண்டையும் சேர்க்க மறந்தால் விளக்குகள் தாறுமாறாக மினுங்கும். 230 வோல்ட் வயர் எதுவும் துணிப்பக்கம் வரவே கூடாது.

துணிக்கு வருவோம். கேரள வேட்டி என்றால் அதன் கசவுக் கரை (ஜரிகைக் கரை) வெளிச்சத்தை மறைக்கும், வெள்ளைப் பகுதியை மட்டும் எடுங்கள். புதுப் பருத்தித் துணியை ஒரு தடவை அலசிக் காயவைத்த பிறகே சட்டத்தில் கட்டுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கும். மெல்லிய துணியென்றால் விளக்கே பொட்டுப் பொட்டாகக் கண்ணில் குத்தும். பார்ப்பவர் கண்ணுக்கு நேர் எதிரே வராதபடி விளக்கைக் கீழே இறக்கி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்தால் அது தீரும்.

சென்சாரில் நானே பட்ட பாடு ஒன்று உண்டு. ஒலி அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரைத் துணிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். யார் வந்தாலும் ஒரே அளவைத்தான் காட்டியது. அது அளந்தது துணியின் தூரத்தை. உடல் சூட்டின் அசைவை உணரும் பிஐஆர் சென்சாருக்கும் துணி தடைதான். இரண்டையும் சட்டத்தின் முன்பக்கம் வெளியே தெரியும்படி வையுங்கள். எல்டிஆர் (வெளிச்சத்தை உணரும் சென்சார்) வைப்பவர்களுக்கு வேறு தொல்லை: தன் விளக்கின் வெளிச்சத்தையே பார்த்து, அணைந்து எரிந்து துடிக்கும். போர்டு காட்டும் வெளிச்ச அளவு 400-க்குக் கீழே போனால் எரிய, 500-ஐத் தாண்டினால் அணைய என்று இரண்டு வரம்பு வைத்தால் அடங்கும்.

எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா இருக்காது. தொங்கவிட்ட துணி ஆடினால் சென்சார் அதையும் ஆள் என்று எண்ணிவிடும். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, ஃபேனைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.