வேர்ட்பிரசில் ஆலயப் பட்டியலுக்கு வகைப்பாடு: நான் இடறிய இடம்

பினாங்கு ஆலயங்களுக்கு ஒரு தகவல் தளம் அமைத்து வருகிறேன். வேர்ட்பிரஸ் நிறுவவும் பிளகின் ஏற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஆலயம் என்பது ஓர் உள்ளடக்க வகை (போஸ்ட் டைப்). குயின் தெரு மகாமாரியம்மன் ஆலயம் எழுந்த 1833ஆம் ஆண்டும், தண்ணீர்மலை முருகனைக் காண ஏறவேண்டிய 513 படிகளும் அந்தந்த ஆலயத்துக்கு மட்டுமே உரியவை. அவை தனிப்புலங்களில் போகட்டும். வட்டாரமும் விழாவும் பல ஆலயங்களுக்குப் பொது. அவைதாம் டாக்ஸானமி, அதாவது வகைப்பாடு. தைப்பூசம் என்று தட்டியதும் அது நடக்கும் ஆலயங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கவேண்டும் அல்லவா?

அடுத்து, ரெஜிஸ்டர் போஸ்ட் டைப், ரெஜிஸ்டர் டாக்ஸானமி என்ற இரண்டு ஃபங்ஷன்களையும் இனிட் ஹூக்கில் (வேர்ட்பிரஸ் தொடங்கும்போது நம் நிரலையும் ஓட்டும் கொக்கி) மாட்டுங்கள். உள்பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் கொடுங்கள். முன்னதற்கு 20 எழுத்து, பின்னதற்கு 32 எழுத்துதான் எல்லை. திரையில் தெரியும் பெயர் தமிழிலேயே இருக்கலாம். வட்டாரத்துக்கு ஹயரார்க்கிக்கல் ட்ரூ என்று வைத்தால் செபராங் பிறைக்குக் கீழே பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜம் என்று கிளை பிரிக்கலாம். விழாவுக்குக் கிளை வேண்டாம். இரண்டு டாக்ஸானமிக்கும் ஷோ இன் ரெஸ்ட் ட்ரூ என்று கொடுக்காவிட்டால் பிளாக் எடிட்டரில் அவற்றின் பெட்டியே தோன்றாது.

இந்த நிரலைத் தீமின் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதாதீர்கள். வேறு தீமுக்கு மாறிய அன்றே ஆலயங்கள் மெனுவிலிருந்து மறைந்துவிடும். தரவு பத்திரமாக இருந்தும் எடுத்துப் பார்க்க வழியிருக்காது. தனியாக ஒரு சிறு பிளகின் எழுதிக்கொள்வதே என் வழக்கம். நிரல் எழுதாமலே இவற்றைப் பதிய உதவும் கஸ்டம் போஸ்ட் டைப் யூஐ பிளகின் சோதனைக்கு நல்லதுதான். ஆனால் பல ஆண்டுகள் நிற்கவேண்டிய தளத்துக்குக் கைப்பட எழுதிய நிரலையே நம்புகிறேன்.

இனி நான் இடறிய இடம். வேர்ட்பிரசோடு வரும் கேட்டகரி என்ற டாக்ஸானமிதான் ஏற்கெனவே இருக்கிறதே, வட்டாரத்துக்குத் தனி டாக்ஸானமி எதற்கு என்று எண்ணி, அதையே ஆலயங்களோடு இணைத்தேன். எடிட்டரில் பெட்டி வந்தது. பட்டர்வொர்த்தைக் குறியிட்டேன். நிர்வாகப் பக்கத்தில் எண்ணிக்கை 11 என்று சரியாகவே காட்டியது. தளத்தில் அந்த இணைப்பைத் திறந்தால் ஓர் ஆலயம்கூட இல்லை! தீம்தான் காரணமோ என்று சந்தேகித்தேன், கேஷை அழித்தேன். இரண்டு இரவுகள் போயின. கேட்டகரி பக்கம் சாதாரணப் பதிவுகளை மட்டுமே தேடுகிறது என்பதுதான் காரணம். ஆலயங்களையும் சேர்த்துத் தேடு என்று ப்ரீ கெட் போஸ்ட்ஸ் ஹூக்கில் நாம்தான் சொல்லவேண்டும். சொல்லும்போது, இது அந்தப் பக்கத்தின் முதன்மை வினவல்தானா (மெயின் க்வெரி), நிர்வாகப் பக்கம் அல்லதானே என்று இரண்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் மற்றப் பட்டியல்களும் குழம்பிவிடும். தனி டாக்ஸானமிக்கு இந்தத் தொல்லை கிடையாது. தன்னோடு இணைந்த வகைகளை அது தானே தேடிக்கொள்கிறது. கேட்டகரியைக் கழற்றிவிட்டு வட்டாரத்தைப் புதிதாகப் பதிந்தேன். 11 ஆலயங்களும் வந்து நின்றன.

பிற்சேர்க்கை: எல்லாம் செய்தும் 404 பிழைதான் வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். அமைப்புகளில் பெர்மாலிங்க் பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமியுங்கள். புதிய முகவரி விதிகள் அப்போதுதான் பதிவாகும்.

இன்னொருவர் தம் தமிழ் முகவரி பாதியில் அறுந்துவிடுவதாகச் சொன்னார். வேர்ட்பிரஸ் முகவரிப் பெயருக்கு 200 இடம்தான் தருகிறது. குறியாக்கத்தில் 'ம' 9 இடத்தையும் 'மா' 18 இடத்தையும் பிடிக்கின்றன. "குயின் தெரு மகாமாரியம்மன் ஆலயம்" என்று எழுதிப் பார்த்தேன். 'மகாமாரியம்மன' என்று புள்ளியையும் ஆலயத்தையும் இழந்து நின்றது. தலைப்பை முழுதாகத் தமிழில் வைத்துக்கொண்டு, முகவரிப் பெயரை மட்டும் சுருக்கிக் கையால் எழுதிவிடுங்கள்.