வீடியோ கேமரா: ரெக் பொத்தானை அழுத்தும் முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாவைப் படமெடுக்க முதன்முதலாகக் கேமராவைத் தொடுகிறவர்களுக்கு இது. பொத்தான்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். திரையை வாசிக்கப் பழகுங்கள்.

படி 1: பேட்டரி, கார்டு
பழைய படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். மீதி நிமிடங்கள் திரை ஓரத்தில் தெரியும். நொடிக்கு 50 மெகாபிட் தரத்தில் 64 ஜிபி கார்டு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம்தான் தாங்கும். ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படியும். அரை மணி நேரம் பையை மூடியே வையுங்கள்.

படி 2: ஷட்டர்
மெனுவில் 25பி (நொடிக்கு 25 படம்), ஷட்டர் 1/50 (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு). நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/60 வைத்தால் மண்டபத்து டியூப் லைட்டில் படம் மினுங்கும்.

படி 3: ஒயிட் பேலன்ஸ்
வெள்ளை எது என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. ஆட்டோவை நம்பாதீர்கள். செம்பனை நிழலில் முகமெல்லாம் பச்சை தட்டும். படமெடுக்கும் அதே வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைத் திரை நிறையக் காட்டி, செட் பொத்தானை அழுத்துங்கள். வேட்டியைக் காட்டலாமா? நீலம் போட்டுத் துவைத்தது என்றால் வேண்டாம், நிறம் மஞ்சள் பக்கம் சாயும்.

படி 4: வெளிச்சம்
உச்சி வெயிலில் என்டி ஃபில்டரைப் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி) போடுங்கள். கர்ப்பக்கிரகத்துக்குள் போகும்போது அதை விலக்க மறந்தால், கெயின் (இருட்டை ஈடுகட்டக் கேமரா படத்தை வெளிச்சமாக்கும் அளவு) ஏறிப் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். நீங்கள் வைத்த அளவை வெளிச்சம் எட்டும் இடத்தில் வரிக்கோடு காட்டுவது ஸீப்ரா. முகத்துக்கு 70 சதவீதம் என்று பலரும் சொல்வது வெளிர் தோலுக்கான கணக்கு. நம் முகங்களுக்கு 50 முதல் 60 வரை போதும். 70 வைத்தால் மாநிறம் வெளுத்துப்போகும். இதில் கவனமாக இருங்கள், பெற்றவர்கள் பார்க்கப்போகும் முகங்கள் அவை.

படி 5: ஒலி
ஒலி அளவைக் கைமுறைக்கு மாற்றுங்கள். திரையில் ஒலி அளவைக் காட்டும் பட்டையில் பேச்சு மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும். உருமி மேளம் தொடங்குமுன் இன்னும் குறைத்துவிடுங்கள். பட்டை 0வைத் தொட்டால் ஒலி கரகரக்கும், பிறகு எந்த மென்பொருளாலும் சரியாக மீட்க முடியாது.

படி 6: ரெக்
ஜூம், ஃபோகஸ் எல்லாம் தொட்டுப் பார்த்தாலே புரிந்துவிடும். ரெக்தான் ஏமாற்றும். பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் அதே பொத்தான்தான். முதல் அழுத்தம் பதியாமல் போனால், அதன்பின் எல்லாமே தலைகீழ்: நடக்கும்போது உங்கள் கால் பதிவாகும், காவடி பதிவாகாது. ஒவ்வொரு முறையும் திரையில் ஸ்டாண்ட்பை (பதிவாகாமல் காத்திருக்கும் நிலை) என்பது மறைந்து, சிவப்பு ரெக் வந்து, நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள். பத்து விநாடி எடுத்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகே பூசாரி பக்கம் போங்கள்.