தெருவை வி.ஆர். கண்ணாடிக்குள் காட்டி மக்களிடம் கேட்பது எப்படி?

நான் மதுரையில் கட்டட வரைபடம் போடுகிறவன். செல்லூரில், பந்தல்குடி கால்வாயோரத் தெரு ஒன்றைச் சீரமைக்கலாம் என்று பேச்சு வந்தபோது பிளானைப் பெரிதாக அச்சடித்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். பார்த்தவர்கள் "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேலிருந்து பார்க்கும் கோடுகளில் தன் வாசலைக் கண்டுபிடிக்கப் பழக்கம் வேண்டும். அதையே வி.ஆர். கண்ணாடிக்குள் (மாட்டிக்கொண்டால் அந்தத் தெருவிலேயே நிற்கிற மாதிரி காட்டும் மெய்நிகர் கண்ணாடி) காட்டியபோதுதான் வாக்குவாதம் கிளம்பியது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் தெருவை அளந்துவிடுங்கள். இரண்டு பேர் டேப் பிடித்தால் ஒரு நாள் வேலை. 360 டிகிரி கேமராவை ஆள் உயரத்தில் நிறுத்தி விடியற்காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை படம் எடுங்கள். வண்டிகள் எங்கே நிற்கின்றன, பூக்கூடை எந்த முக்கில் உட்காருகிறது என்பது சாயங்காலம்தான் தெரியும். தெருவின் முப்பரிமாண மாடலை ஸ்கெட்ச்அப், காசில்லாமல் கிடைக்கும் பிளெண்டர் மாதிரி மென்பொருளில் கட்டலாம். பெஞ்சும் விளக்கும் போடுவதற்கு முன்னால் குழாயடி, டிரான்ஸ்பார்மர், முக்குப் பிள்ளையார், வாசல்படி எல்லாம் வந்துவிட வேண்டும். தன் வீட்டுப் படியைக் காணோம் என்றால் அந்தத் தெருவை யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரே பிளானை அழகாக முடித்துக்கொண்டு போகாதீர்கள். முடிவெடுத்துவிட்டுச் சொல்ல வந்ததாகத்தான் நினைப்பார்கள். கால்வாய்ச் சுவரின் உயரம், வண்டி போகும் அகலம், மரம் நிற்கும் பக்கம் எல்லாவற்றையும் அங்கேயே மாற்றிக் காட்ட முடிய வேண்டும். மழைத் தண்ணீரையும் சேருங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே வெயில்காலத் தெருவை மட்டும் காட்டினால் எப்படி? முழங்கால் அளவு தண்ணீர் வைத்தோம். "இம்புட்டுத்தானா? எங்க வீட்ல சிலிண்டரே மிதந்துச்சுண்ணே" என்றார் ஒரு தறிக்காரர்.

வார்டு மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் ஏரியா சபையில் பேசுகிறவர்கள்தான் திரும்பத் திரும்பப் பேசுவார்கள். அதனால் கண்ணாடியைத் திண்ணைக்கே கொண்டுபோங்கள். பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். ஆளுக்கு 5 நிமிடம் போதும். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி மாடலுக்குள் நடக்கவிட்டால் தலை சுற்றும். கண் நகர, உடம்பு நகராது. இடத்துக்கு இடம் தாவும் முறையை வையுங்கள். கண்ணாடியின் பட்டையைக் கொண்டைக்குக் கீழே, மல்லிகையை நசுக்காமல் இறக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மாட்டவே வேண்டாம். ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு 2012 முதல் மைன்கிராஃப்ட் என்ற, கட்டம் கட்டமாக அடுக்கிக் கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்துப் பொது இடங்களைத் திட்டமிட வைக்கிறது; பிள்ளைகளுக்கு அந்த வழி பொருந்தும்.

கண்ணாடியை வெயிலில் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் திரையைக் கருக்கிவிடும். ஒரு டீ குடித்து வருவதற்குள் எனக்கு அப்படி ஒன்று போனது.

உள்ளே பார்ப்பதை ஒரு டிவியிலும் ஓடவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து, சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். பூக்கட்டும் அப்பத்தா ஒருவர் கையை நீட்டி இல்லாத சுவரைத் தடவினார். "ஏய்யா, நான் எங்கிட்டு உக்காந்து பூக் கட்டுறது? மூணு மணி வெயிலு இங்கிட்டுல்ல வரும்?" என்றார். எங்கள் மாடலில் எப்போதும் உச்சிவெயில்தான். மூன்று மணிக்கு மாற்றிப் பார்த்தோம். மரத்தை அவருக்குக் கிழக்கே வைத்திருந்ததால் நிழல் அவர்மேல் விழாமல் அப்பால் போனது. பார்வை உயரத்தையும் தரையில் உட்காருகிறவர் அளவுக்கு இறக்கினோம். நாங்கள் அழகு என்று நினைத்த கால்வாய்ச் சுவர் அவருக்கு எதிர்க்கரையையே மறைத்தது. மரத்தை மேற்கே மாற்றினோம். சுவரின் மேல்பாதி கம்பியானது.

இரண்டு வாரத்துக்குள் அதே திண்ணைக்குப் போய் மாற்றியதைக் காட்டுங்கள். முடியாததையும் எழுதி ஒட்டுங்கள். கால்வாயை மூடச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். மூடினால் தூர்வாருவது கஷ்டம் என்று, அவர்கள் சொன்னதற்குப் பக்கத்திலேயே எழுதி, அதே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம்.