அக்குவினாஸின் சட்டப் பகுதியை எங்கிருந்து தொடங்குவது?

பெயரில்தான் 'சும்மா', சும்மா புரட்டினால் ஒன்றும் பிடிபடாது. 13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தோமா அக்குவினாஸின் 'சும்மா தியோலஜியே'வை ('இறையியல் தொகுப்பு' என்று பொருள்) முதல் பக்கத்திலிருந்து தொடங்கி மூன்றாம் நாளே மூடிவைத்தவன் நான். சட்டம்தான் வேண்டுமென்றால், இரண்டாம் பாகத்தின் முதல் பிரிவில் 90ஆம் கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

நூல் கேள்விகளாகவும், ஒவ்வொரு கேள்வியும் உட்பிரிவுகளாகவும் பிரிந்திருக்கும். ஒவ்வொரு உட்பிரிவும் எதிர்வாதங்களோடு தொடங்கும். அவற்றை அவருடைய கருத்தென்று நம்பிப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்! 'நான் பதிலளிக்கிறேன்' என்று வரும் இடத்தை முதலில் படியுங்கள், பிறகு மேலேயுள்ள எதிர்வாதங்களுக்குத் திரும்புங்கள்.

90இன் நான்காம் உட்பிரிவில் சட்டத்தின் வரையறை இருக்கிறது: அறிவின் கட்டளை, பொதுநலனுக்கானது, சமூகத்தைக் கவனிக்கும் பொறுப்பிலுள்ளவர் இட்டது, அறிவிக்கப்பட்டது. இதைத் துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள், அடிக்கடி தேவைப்படும். 91இல் வகைகள்: கடவுளின் அறிவிலுள்ள நித்தியச் சட்டம், அதில் மனிதன் பகுத்தறிவால் பங்குகொள்ளும் இயற்கைச் சட்டம், மனிதச் சட்டம், மறைநூல் வழி வந்த தெய்வீகச் சட்டம். நித்தியமும் தெய்வீகமும் ஒன்றல்ல; நான் வெகுநாள் குழம்பியது இங்கேதான்.

95இல் அவசரம் வேண்டாம். இயற்கைச் சட்டத்திலிருந்து மனிதச் சட்டம் எப்படி வருகிறது என்பது இங்கேதான். குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்பது இயற்கைச் சட்டம்; என்ன தண்டனை என்பதை மனிதச் சட்டம் தீர்மானிக்கிறது.

96இன் ஆறாம் உட்பிரிவுதான் எனக்குப் பிடித்தது. சட்டத்தின் சொற்களை மீறி நடக்கலாமா என்று கேட்கிறது. முற்றுகையிடப்பட்ட நகரம். வாயிலைத் திறக்கக் கூடாதென்று சட்டம். நகரைக் காக்கும் வீரர்களையே எதிரி துரத்திவருகிறான். திறக்கத்தான் வேண்டும் என்கிறார் அக்குவினாஸ். ஆனால் மேலிடத்தைக் கேட்க அவகாசமில்லாத ஆபத்தில் மட்டும்.