பேஸ் கிட்டார் வாங்கும் முன்: பிரிசிஷனா, ஜாஸா?

முதல் பேஸ் கிட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் பெரும்பாலும் பிரிசிஷன், ஜாஸ் என்ற இரண்டு மாடல்களில் ஒன்றைத்தான் கையில் கொடுப்பார். இரண்டுமே ஃபெண்டர் நிறுவனத்தின் வடிவங்கள், இரண்டுக்கும் 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்). வித்தியாசம் கழுத்தைப் பிடித்ததும் தெரியும். ஜாஸ் பேஸில் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) பக்கம் அகலம் சுமார் 38 மி.மீ. தான். பிரிசிஷன் அதைவிட அகலம், சின்னக் கைக்காரர்கள் கவனிக்கவும்.

1951-இல் வந்த பிரிசிஷனுக்கு ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். தடித்த, உருண்ட சத்தம். புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இதைத்தான்.

ஜாஸில் இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகம்), ஆளுக்கொரு வால்யூம். பாலத்தின் (கம்பிகள் உடல் பக்கம் முடியும் இடம்) பக்கத்துப் பிக்கப்பை மட்டும் கூட்டினால் மூக்கால் பாடுகிற மாதிரி கூர்மையான சத்தம் வரும். ஆனால் கூடவே 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் வரலாம். இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்துவிடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே பேஸ். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியைத் தட்டி) வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். உள்ளே பேட்டரி உண்டு; வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் சும்மா கிடக்கும்போதும் பேட்டரி தீரும்.

என்னைக் கேட்டால், விரல் பழகும்வரை பிரிசிஷனே போதும்.