என்ஜின் மாற்றத்தில் வயரிங் தவறுகள்: பீப் சத்தம் எர்த்துக்குச் சாட்சி அல்ல

போன வாரம் ஒரு இளைஞர் தன் காரில் வேறொரு காரின் என்ஜினை இறக்கிவிட்டு, ஸ்டார்ட் ஆகவில்லை என்று என்னை அழைத்தார். போய்ப் பார்த்தபோது, புதிதாக வாங்கிய இரண்டாவது இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) பிரிக்கப்படாமல் சீட்டின் மேல் கிடந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையை என்ஜின் பிளாக்கிலும் மற்றொன்றை பேட்டரியின் நெகட்டிவ்விலும் வைத்து, மின் தொடர்பு இருந்தால் ஒலிக்கும் சோதனையைக் காட்டினார். பீப் என்றது. "எர்த் சரியாக இருக்கிறது அண்ணா, இசியுதான் போயிருக்கிறது" என்றார். பல ஆண்டுகளுக்கு முன் அதே சத்தத்தைக் கேட்டு அதே முடிவுக்கு வந்து, மூன்று வாரத்தையும் ஒரு இசியுவின் விலையையும் நான் இழந்திருக்கிறேன்.

பேட்டரியைக் கழற்றாமல் வேலை செய்வது, வெறும் வயரை முறுக்கி டேப் சுற்றுவது, ஃபியூஸ் இல்லாமல் லைன் இழுப்பது ஆகியவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தவறு என்று செய்கிறவருக்கே தெரியும். சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்ற நிம்மதியோடு செய்யும் தவறுகளே நாட்களைத் தின்கின்றன.

பீப் சத்தத்தை நம்பி எர்த்தைத் தாண்டிப் போவது

காரில் மின்சாரம் வயர் வழியாகப் போகிறது. பெரும்பாலும் பாடி வழியாகத் திரும்புகிறது. போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். எர்த் எனப்படும் திரும்பும் வழியை யாரும் பார்ப்பதில்லை. என்ஜின் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது; ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பல கார்களில், பிளாக்கிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ பாடிக்குப் போகும் ஒற்றைப் பின்னல் பட்டைதான் முழுச் சுமையையும் தாங்குகிறது. என்ஜினைக் கழற்றும் அவசரத்தில், என்ஜின் கொடுத்த காரிலேயே அந்தப் பட்டை தங்கிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

கையில் இருந்த இன்னொரு பட்டையை எடுத்து மாட்டினேன். பாடிப் பக்கத்தில் அதை முடுக்கிய இடம் நானே முந்தைய நாள் கறுப்பு பெயிண்ட் அடித்த பிராக்கெட். போல்ட்டின் மரைகள் வழியாக ஏதோ கொஞ்சம் தொடர்பு கிடைத்தது. மீட்டர் பீப் என்றது. அந்த வேலை முடிந்தது என்று மனத்திலிருந்தே அதை அழித்துவிட்டேன்.

பிறகு நடந்தவை வரிசையாக நினைவில் இருக்கின்றன. செல்ஃப் மெதுவாகச் சுற்றியது, பேட்டரியை மாற்றினேன். சில நேரம் ஸ்டார்ட் ஆகும், சில நேரம் ஆகாது. என்ஜினின் சுழற்சியை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை மாற்றினேன். ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டால் வெப்பமானியின் முள் மேலே ஏறும், அணைத்தால் இறங்கும். அந்த சென்சாரையும் மாற்றினேன். பிழைக் குறியீடுகள் நாளுக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருந்தன. கடைசியில் இசியுவையே மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை. ஒரு நாள் இரவு நாலைந்து முறை தொடர்ந்து செல்ஃப் அடித்துவிட்டு, என்ஜின் அறைக்குள் கையை விட்டபோது ஆக்ஸிலரேட்டர் கேபிளின் உறை சுட்டது. என்ஜின் குளிர்ந்து கிடக்கிறது, கேபிள் மட்டும் சூடாக இருக்கிறது. நல்ல எர்த் கிடைக்காத ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்னோட்டம், என்ஜினையும் பாடியையும் இணைத்திருந்த அந்த மெல்லிய கேபிள் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

மீட்டரின் பீப் சோதனை சில மில்லிஆம்பியர் அல்லது அதற்கும் குறைவான மின்னோட்டத்தையே செலுத்துகிறது. அதற்கு ஒரே ஒரு செப்பு இழை போதும், துரு படிந்த ஒரு மரை போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ 150 ஆம்பியர், சில என்ஜின்களில் அதற்கு மேலும் இழுக்கிறது. எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். அந்த 0.01 ஓமை உங்கள் மீட்டர் காட்டவே காட்டாது, ஏனென்றால் மீட்டரின் வயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி எப்படியும் 10 வோல்ட் அளவுக்கு இறங்கும். அதிலும் 1.5 வோல்ட் போனால், பிளாக்கில் எர்த் எடுத்திருக்கும் இசியுவுக்குக் கிடைப்பது 8.5. சில இசியுக்கள் அதில் விழித்திருக்கும், சில மயங்கிவிடும். ஆகும் ஆகாது என்று அது ஆட்டம் காட்டியதற்குக் காரணம் இதுதான். ஹெட்லைட் புதிருக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் என்ஜினோடு பிணைந்திருக்கிறது. விளக்குகளின் மின்னோட்டம் பாடியிலிருந்து அந்தப் பழுதான இணைப்பைக் கடந்துதான் ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப வேண்டும். அப்போது பாடியைவிட பிளாக்கின் வோல்டேஜ் தாழ்ந்து நிற்கும். பிளாக்கிலேயே எர்த் எடுக்கும் ஒற்றை வயர் வெப்ப சென்சார் வழியாகக் கூடுதல் மின்னோட்டம் ஓடும். முள் ஏறும். சென்சார் சொன்னது பொய் அல்ல, நான்தான் தவறான இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரியான சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி. என்ஜின் ஓடிவிடாமல் இருக்க எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள். குழாயில் எரிபொருள் மிச்சமிருந்து என்ஜின் ஓடினால் அது அணையும் வரை விடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலையில் பட வேண்டும், கிளாம்ப்பில் அல்ல. சிவப்பு முனை பிளாக்கின் சுத்தமான உலோகத்தில். இன்னொருவர் ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். அரை வோல்ட்டைத் தாண்டினால் வேறு எதையும் தொடாதீர்கள். சிவப்பு முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள்: கிளாம்ப், பாடியில் வயர் முடியும் இடம், பட்டையின் பாடிப் பக்கம், என்ஜின் பக்கம், பிறகு பிளாக். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் அளவு குதிக்கிறதோ அங்கேதான் பழுது.

அந்த இளைஞரின் காரில் மீட்டர் 1.8 காட்டியது. பவுடர் கோட்டிங் செய்த மவுண்ட் பிராக்கெட்டில் பட்டையை முடுக்கியிருந்தார். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி மீண்டும் முடுக்கியபோது 0.12. ஃபியூஸைத் திரும்பப் போட்டதும் பழைய இசியுவிலேயே ஸ்டார்ட் ஆனது. எனக்கு அன்று இதைச் சொல்ல யாரும் இல்லை என்ற எரிச்சல் இன்னும் தீரவில்லை.

இதோடு சேர்த்து ஒன்று. சென்சார்களின் எர்த் வயர் இசியுவுக்கே திரும்பிப் போக வேண்டும். வயர் நீளம் மிச்சம் என்று அதைப் பக்கத்திலுள்ள போல்ட்டில் முடுக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் சென்சார், மூடிய நிலையில் அரை வோல்ட் போலத்தான் அனுப்புகிறது, எர்த்தில் 0.2 வோல்ட் ஆடினால் அந்தக் கணக்கு குலைந்துவிடும்.

ஸ்டார்ட் நிலையில் அறுந்துபோகும் சப்ளையை இசியுவுக்குக் கொடுப்பது

சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, 12 வோல்ட் வருகிற முதல் வயரைப் பிடித்து இசியுவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது ரேடியோ, ஹீட்டர் போன்றவற்றுக்கான லைனாக இருந்தால், சாவியை 'ஸ்டார்ட்' வரை திருப்பும்போது சுவிட்சே அதைத் துண்டித்துவிடும். ஸ்டார்ட்டருக்கு முழு பலம் கிடைப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. இதன் அடையாளம் தெளிவானது: செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் என்ஜின் பிடிக்காது, சாவியை விடும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு தும்மல் தும்மும். மீட்டரை அந்த வயரில் வைத்தபடி சாவியை ஸ்டார்ட் வரை திருப்பிப் பாருங்கள். சப்ளை விடாமல் நிற்க வேண்டும். ஐரோப்பிய வரைபடங்களில் 30 என்பது பேட்டரியின் நேரடி லைன், 15 இக்னிஷன், 50 ஸ்டார்ட்டர், 31 எர்த். தேட வேண்டியது 15.

ஹார்னஸை வெட்டுவது

ஹார்னஸ் என்பது வயர்களின் கட்டு. அதை வெட்டாதீர்கள். வயர்கள் செருகி இணையும் கப்ளரைக் கழற்றுங்கள்.

வயரின் நிறத்தை நம்புவது

ஒரே என்ஜின், ஒரே பெயருள்ள கார். ஆண்டு மாறினால் நிறமும் மாறலாம். என்ஜின் குறியீடும் ஆண்டும் பொருந்துகிற வரைபடத்தை எடுத்து, கப்ளரின் பின் (pin) எண்ணைக் கொண்டு பாருங்கள்.

சார்ஜ் விளக்கை வெறும் அலங்காரமாக நினைப்பது

பழைய வகை ஆல்டர்னேட்டருக்கு ஆரம்பத் தூண்டல் மின்னோட்டம் டாஷ்போர்டின் சார்ஜ் பல்பு வழியாகத்தான் வருகிறது. புது டாஷ்போர்டு போட்டு பல்பை விட்டுவிட்டாலோ அதன் இடத்தில் எல்இடி வைத்தாலோ, போதிய மின்னோட்டம் போகாது. என்ஜின் ஓடும், ஆல்டர்னேட்டர் தூங்கும். ஒருமுறை வேகமாக ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் விழித்துக்கொள்கிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லும் முன் பல்பையோ, அதற்கு ஈடான ரெசிஸ்டரையோ வைத்துப் பாருங்கள். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். இசியுவே கட்டுப்படுத்தும் புதிய வகைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கிராங்க் சென்சாரின் இரண்டு வயர்களை மாற்றிக் கொடுப்பது

இரண்டு வயர் கொண்ட காந்த வகை சென்சாரில் எந்த வயர் எங்கே போனால் என்ன என்று தோன்றும், ஏனென்றால் எப்படிக் கொடுத்தாலும் சிக்னல் வரும். ஆனால் அலை தலைகீழாகிவிடும். சென்சாருக்கு எதிரே சுழலும் சக்கரத்தின் பல் கடக்கும் சரியான கணத்தை இசியு தவறவிடும். இக்னிஷன் டைமிங் (தீப்பொறி எழும் நேரம்) விலகும். ஸ்டார்ட் ஆகும், இழுவை இருக்காது, வேகம் கூடக்கூடத் தடுமாறும். டைமிங் லைட் வைத்துப் பார்த்தால் விலகல் கண்ணிலேயே தெரியும். அந்த வயரைச் சுற்றியுள்ள உறைக்கம்பியின் எர்த்தை இசியு பக்கம் மட்டும் கொடுங்கள். இரண்டு முனையிலும் கொடுத்தால் உறையிலேயே மின்னோட்டம் ஓடி, தடுக்க வேண்டிய இரைச்சலை அதுவே உள்ளே கொண்டுவரும்.

இம்மொபிலைசரை மறப்பது

ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் அணைகிறதா? சாவி, இசியு, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டி மூன்றும் ஒரே காரிலிருந்து வந்தவையா என்று முதலில் பாருங்கள்.

அவசரப்பட்டு டேப் சுற்றுவது

என்ஜின் முழுச் சூடு ஏறி, ஃபேன் ஓடி அணைந்து, மறுநாள் காலை குளிர்ந்த நிலையிலும் ஒரே முயற்சியில் ஸ்டார்ட் ஆன பிறகு ஹார்னஸின் மேல் டேப் சுற்றுங்கள். அதுவரை சிறு கட்டுகள் போதும்.